தூக்குவாளியில் போன குழம்பு

தாமிரபரணிக் கரையில், பதினாறு படிகள் கொண்ட ஒரு துறைக்கு மேலே சிறிய மடம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் உலகம்மை. அவருக்கு வயது நாற்பத்தெட்டு. சீடர்கள் ஆறு பேர். அவர்களில் மூத்தவரான வன்னியப்பன், குருவைவிடப் பதினைந்து வயது கூடியவர். அதனால் குரு அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். அவர் குருவை அம்மா என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, காய் நறுக்கிக்கொண்டிருந்த வன்னியப்பன் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அம்மா, படுத்த படுக்கையா கிடக்கிறவங்களைப் பாக்கப் போனா என்ன கொண்டு போகணும்?”

“யாரைப் பாக்க?”

“எங்க அண்ணனை.”

அண்ணன் பூதலிங்கம் கல்யாணச் சமையல்காரர். நாற்பது வருஷம் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய்க்கு ஒன்றும் இல்லை. பேச்சை அவரேதான் நிறுத்தினார். சுவரைப் பார்த்துப் படுத்தவர் திரும்பவில்லை. இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். சாப்பாடும் குறைந்துகொண்டே வந்து, இப்போது வேளைக்கு மூன்று கரண்டி கஞ்சியில் நிற்கிறது. இப்படியே போனால் மருந்து கொடுத்துப் பயனில்லை, இந்த மாதம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“இதுவரைக்கும் என்ன கொண்டு போனீங்க?”

வன்னியப்பன் விரல் மடக்கிச் சொன்னார்.

“முதல் தடவை ஹார்லிக்ஸ். அடுத்து ஆப்பிள் ஆறு. சாத்துக்குடி பன்னிரண்டு. அப்புறம் இலவம்பஞ்சுத் தலையணை, பாட்டுப் பெட்டி, திருச்செந்தூர் விபூதி, கம்பளி. ஏழு தடவை, ஏழு சாமான்.”

“எதைத் தொட்டார்?”

“தலையணையை. கீழே தள்ளிவிட்டார்.”

குரு சிரிக்கவில்லை.

“நேத்து மதினி வாசல்லயே நிறுத்திட்டாங்கம்மா. ‘இனி பையோட வராதீங்க கொழுந்தனாரே. பை சலசலன்னு கேட்டாலே அவுக கண்ணை இறுக்க மூடிக்கிடுதாக’ன்னு சொல்லிட்டாங்க. வெறுங்கையை வீசிக்கிட்டுப் போக எனக்கு மனசு வரலை.”

“முதல்ல குழம்பை வைங்க” என்றார் குரு.

வெள்ளிக்கிழமை சமையல் வன்னியப்பன் முறை. மூன்று வருஷமாக ஒவ்வொரு வெள்ளியும் அவர் வத்தக்குழம்புதான் வைத்துவந்தார். புளி எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை, வெந்தயம் ஒன்றரைக் கரண்டி, தண்ணீர் நான்கு செம்பு. அளவு ஒரு நாளும் மாறியதில்லை.

பந்தி முடிந்தது. மிஞ்சிய குழம்பில் இரண்டு கரண்டியை ஒரு தூக்குவாளியில் ஊற்றி, குரு மூடினார்.

“வாங்க, உங்க அண்ணனைப் பாத்துட்டு வருவோம்.”

“இதைக் கொண்டு போயா? டாக்டர் உப்பும் புளியும் கூடாதுன்னு சொல்லியிருக்கார்மா.”

“சாப்பிடக் கொடுக்கிறேன்னு நான் சொல்லலையே.”

கதவைத் திறந்த மதினி முதலில் வாளியைப் பார்த்தாள். பிறகு குருவைப் பார்த்து வழிவிட்டாள்.

அறையில், ஜன்னல் பலகை மேல் ஏழு சாமான்களும் அப்படியே இருந்தன. குரு கட்டிலுக்கு அருகே தரையில் உட்கார்ந்தார். நலமா என்று கேட்கவில்லை. வாளியின் மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான்.

பூதலிங்கம் சமைக்கும்போது எதையும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். சாமிக்குக் காட்டும் முன்னால் ருசி பார்ப்பது கல்யாணச் சமையல்காரர்கள் வழக்கத்தில் கிடையாது. எல்லாவற்றுக்கும் மூக்குதான். பத்தடி தள்ளி நின்று உப்பு போதுமா என்று சொல்லிவிடுவார்.

குழம்பு வாடை அறை முழுக்கப் பரவியது.

“வெந்தயம் கருகியிருக்கு” என்றது சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல்.

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்படியா?” என்றார் குரு.

“புளி கொதிக்கலை. பச்சை வாடை அடிக்கு. யாரு வச்சது?”

குரு வன்னியப்பனைப் பார்த்தார்.

“நான்தான்ணே.”

கட்டில் கிறீச்சிட்டது. பூதலிங்கம் தலையைத் திருப்பினார்.

“நீயா? எத்தனை நாளா இப்படி வைக்கே?”

“மூணு வருஷமா. வெள்ளிக்கு வெள்ளி. நூத்தைம்பதுக்கு மேல ஆச்சு.”

“திங்கிறவங்க ஒண்ணும் சொல்லலையா?”

“மடத்துல சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது” என்றார் குரு. “அது எங்க வழக்கம்.”

“எத்தனை பேரு?”

“இவங்க ஆறு பேர். என்னோட சேத்து ஏழு.”

பூதலிங்கம் குருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொண்டையில் ஏதோ கரகரத்தது. புரையேறிவிட்டது என்று மதினி தண்ணீர் எடுக்க ஓடினாள். தண்ணீரோடு வந்தபோதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

“என்னைத் தூக்கி உக்கார வைங்க. இவனுக்குப் படுத்துக்கிட்டுச் சொல்ல முடியாது.”

வன்னியப்பனும் மதினியும் சேர்ந்து உட்கார வைத்தார்கள். அவர் வலது உள்ளங்கையை நீட்டினார். குரு அதில் ஒரு சொட்டு விட்டார். நக்கிப் பார்த்த பூதலிங்கத்தின் முகம் கோணியது.

“ஏட்டி, கஞ்சியைக் கொண்டா. இந்தக் கண்றாவி நாக்கை விட்டு இறங்கணும்.”

வன்னியப்பன் எண்ணினார். பதினோரு கரண்டி.

“நாளைக்கும் வச்சுக் கொண்டா” என்றார் பூதலிங்கம். “எண்ணெய் புகையும் முன்னால வெந்தயத்தைப் போடு. அது செவந்த உடனே புளியை விடு. பாதியாச் சுண்டுற வரைக்கும் அடுப்பை விட்டு நகராத. கரண்டிக் கணக்கைத் தூக்கி ஆத்துல போடு. கேட்டியால?”

“கேட்டேன்ணே.”

திரும்பி வரும் வழியில் வன்னியப்பன் முன்னால் நடந்தார். பாலத்தின் நடுவில் வந்ததும் நின்றார்.

“மூணு வருஷம்மா. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

குரு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போகட்டும். அண்ணன் சொன்னதெல்லாம் மனசுல ஏத்திக்கிட்டேன். நாளைக்கு ஒரு குறை சொல்ல முடியாதபடி வச்சுக் கொண்டு போயிடுதேன்” என்றார் வன்னியப்பன்.

குரு அவர் பக்கம் திரும்பினார்.

“அவ்வளவு சீக்கிரம் கத்துக்கிடாதீங்க, அண்ணாச்சி.”