சாரிடம் மட்டும் பேசியவர்கள்

சுரங்க ரயில் பாதைக்கு வீட்டைக் கொடுக்கப் பன்னிரண்டு பேர் தன்னிடம் நேரில் சம்மதித்ததாக எழுதிவைத்திருந்தார் அதிகாரி தணிகைவேலன். தெருவை எட்டிக்கூடப் பார்க்காமல், பழைய வாக்காளர் பட்டியலில் இருந்து எடுத்த பெயர்கள் அவை.

"சாயங்காலத்துக்குள்ள அத்தனை பேர் கையெழுத்தும் வரணும். இல்லேன்னா வேலைக்கு வராதே," என்று அளவு நாடா பிடிக்கும் செங்கமலத்தை விரட்டினார்.

அவள் திரும்பியபோது அவருடைய பட்டியலைச் சரிபார்க்க வந்த ஆய்வுக்குழு எதிரே உட்கார்ந்திருந்தது. ஒரு கையெழுத்தும் இல்லாத காகிதத்தை மேசையில் வைத்தாள். அதில் ஈர மண் ஒட்டியிருந்தது.

"பன்னிரண்டு பேரையும் பாத்துட்டேன் சார். கல்லறைத் தோட்டத்துல இருக்காங்க. கல்லுல பேரெல்லாம் சரியா இருக்கு. காதை வச்சுக் கேட்டேன், எங்கிட்ட பேசமாட்டேங்கறாங்க. உங்ககிட்ட மட்டுந்தான் பேசுவாங்க போல."



குழுத் தலைவர் பேனாவை மூடிவிட்டு எழுந்தார். "வாங்க தணிகைவேலன். நீங்க பேசுங்க, நாங்க கேக்கறோம்."