வரிக்குதிரைக்குப் பார்த்த பிரசவம்

கீழப்பூவலம் மிருகக்காட்சி சாலையில் வரிக்குதிரை ஒன்றே ஒன்றுதான். பெயர் சிங்காரி. வடக்கேயிருந்து சினையாகவே வந்து சேர்ந்தது. அதைக் கவனிக்க ஆள் நான்கு: மாசானம், துரைப்பாண்டி, இசக்கி, வேதமுத்து. எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் அவர்களோடு உள்ள சங்கடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குச் சிங்காரிக்கு வலி கண்டது. பத்து நாற்பதாகியும் குட்டி வரவில்லை. மூத்தவரான மாசானம், மாட்டு டாக்டர் ஜெபராணிக்குப் போன் போட்டார்.

“குட்டி மாட்டிக்கிட்டிருக்கு. தாமதமானா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. இதோ கிளம்பிட்டேன்,” என்றார் டாக்டர். “அதுவரை நீங்க யாரும் அது கண்ணுல படக் கூடாது. மிரண்டுடும்.”

நால்வரும் கூண்டுக்கு முன்னால் வரிசையாக நின்று, கண்களை இறுக மூடிக்கொண்டார்கள்.

“அண்ணாச்சி, இப்ப நாம அதுக்குத் தெரிவோமா?” என்று கேட்டான் இசக்கி.

“எனக்கே உன்னைத் தெரியல. அதுக்கு எப்படிலே தெரியும்?” என்றார் மாசானம்.

ஐந்து நிமிடத்தில் டாக்டர் மறுபடி அழைத்தார். “வெளியே எத்தனை கால் தெரியுது? சரியாப் பார்த்துச் சொல்லுங்க.”

பெரிய யோசனையாகிவிட்டது. கண்ணைத் திறந்தால் சிங்காரி பார்த்துவிடுமே!

“ஒத்தைக் கண்ணை மட்டும் திறப்போம். பாதி ஆளுதானே தெரிவோம்,” என்றான் வேதமுத்து.

அப்படியே நால்வரும் தனித்தனியாக எண்ணினார்கள். சிங்காரி ஊன்றி நின்ற கால் நான்கு, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கால் இரண்டு. ஆளுக்கு ஆறு வந்தது. துரைப்பாண்டி கூட்டலில் கெட்டி. கூட்டிச் சொன்னான்.

“இருபத்துநாலு, டாக்டர்.”

ரயில்வே கேட்டில் நின்ற ஜீப்பை அப்படியே போட்டுவிட்டு டாக்டர் ஓடி வந்தார்.

குட்டியின் தலை மடங்கியிருந்தது. டாக்டர் கையை விட்டு அதை நிமிர்த்தினார். குட்டியின் கால்களில் கயிற்றைக் கட்டி நால்வரிடமும் கொடுத்தார். “சிங்காரி முக்கும்போது இழுங்க.”

சிங்காரி முக்கியது. பரிதாபம் தாங்காமல் நால்வரும் கூடவே முக்கினார்கள். இழுக்க மறந்துபோனார்கள். டாக்டரே இழுத்தார்.

பதினொன்று முப்பத்திரண்டுக்குக் குட்டி விழுந்தது. மூச்சும் விட்டது. டாக்டர் கை கழுவக் குழாயடிக்குப் போனார்.

வரிக்குதிரைக் குட்டிக்குப் பிறக்கும்போது வரி பழுப்பாகத்தான் இருக்கும். வளர வளரத்தான் கறுக்கும். இதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மாசானம் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பழுப்பேதான்.

“இன்னும் விளையலலே.”

“டாக்டரம்மா அவசரப்பட்டு இழுத்துட்டாங்களே அண்ணாச்சி!” என்றான் துரைப்பாண்டி.

டாக்டர் திரும்பி வந்தபோது இசக்கியும் வேதமுத்துவும் உதை வாங்கி வைக்கோலில் கிடந்தார்கள். மற்ற இருவரும் குட்டியைத் தூக்கிப் பிடித்தபடி சிங்காரிக்குப் பின்னால் நின்றார்கள்.

“ஒரே ஒரு வாரம் உள்ள வச்சுக்கோ தாயி,” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார் மாசானம். “கறுத்ததும் நாங்களே வந்து எடுத்துக்கிடுதோம்.”