உண்ணிப்பூ வேலி

“இந்தச் சனியனை மொதல்ல இந்த மலைக்குக் கொண்டாந்தது யாரும்மா?”

உண்ணிச்செடியின் முள் கோமதிநாயகத்தின் முழங்கையைக் கிழித்திருந்தது. அந்த ஆத்திரத்தில்தான் கேட்டார்.

வடிவம்மா தலை நிமிரவில்லை.

“வேரைப் பாதியில விட்டுட்டீய அண்ணாச்சி. இன்னும் தோண்டுங்க.”

தோண்டினார். தோண்டிக்கொண்டே ஏசினார். “நட்டவன் எவனா இருந்தாலும் அவன் கை விளங்காமப் போகணும்.”

வடிவம்மா அடுத்த புதருக்கு நகர்ந்தார்.

கோமதிநாயகத்தைவிட வடிவம்மாவுக்கு எட்டு வயது குறைவு. இருந்தும் வடிவம்மாதான் குரு, கோமதிநாயகம்தான் சீடர்.

ஒரு காலத்தில் கோமதிநாயகத்திடம் இரண்டு பசுக்கள் இருந்தன. மழை பொய்த்த வருஷம் மேய்ச்சலுக்குப் புல் இல்லை. பசி தாங்காமல் இரண்டும் உண்ணிச்செடியைத் தின்றுவிட்டன. கண் மஞ்சளானது. மூக்கில் தோல் உரிந்தது. வெயிலில் நிற்க முடியாமல் சுவரோரம் ஒண்டின. ஒரே நாளில் இரண்டையும் புதைத்தார்.

அதே செடியை மலைச்சரிவில் ஒரு பெண் தன்னந்தனியாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். நேரே ஏறிப் போனார். காலில் விழப் போனார்.

“விழ வேண்டாம். மண்வெட்டியைப் பிடிங்க” என்றார் வடிவம்மா.

நான்கு வருஷம் ஆயிற்று. கண்ணை மூடி இலையைக் கசக்கி முகர்ந்து, எது மலையின் செடி, எது வந்தேறிய செடி என்று சொல்ல வடிவம்மாதான் கற்றுக்கொடுத்தார். பிடுங்குவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். நான்கு ஏக்கர் சரிவில் பாதி உண்ணி நீங்கி வெளுத்துவிட்டது. நன்னாரியும் ஆடாதொடையும் தாமாகவே தலைகாட்டின. ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனிலிருந்து இருபது பேர் வந்து கைகொடுத்தார்கள்.

அப்படியொரு ஞாயிறு, சாலமோன் வேனில் வெட்பாலைக் கன்றுகள் கொண்டுவந்து இறக்கினார். மலையடிவாரத்தில் நர்சரி வைத்திருப்பவர். வாயாடி. வெளுத்த சரிவைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன கூத்துய்யா இது! அம்மா இங்க குடிவந்தப்ப, வேலி வைக்க இருநூறு உண்ணி நாத்து எங்கிட்டதான் வாங்கினாவ. அதுக்கு முன்னால இந்தச் சரிவுல ஒண்ணுகூடக் கிடையாது. இப்ப அதைப் புடுங்க ஊரே வந்து நிக்கு!”

வேறு யாரும் சிரிக்கவில்லை.

கோமதிநாயகம் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

“நெசமாம்மா?”

“நெசந்தான்.”

“நீங்களா நட்டீய?”

“நான்தான். பூ அழகா இருந்துச்சு. இருபத்திரெண்டு வயசு. பழத்தைக் குருவி தின்னும், விதையை மலை பூராத் தூவும்னு அப்பத் தெரியாது.”

“என் மாடு செத்த கதையைச் சொன்னப்ப?”

“அப்பத் தெரியும்.”

“நாலு வருஷமா நான் ஏசினது அம்புட்டும் உங்களைத்தான். கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தீய!”

“ஆமா.”

“ஏன் சொல்லல? குருவுல்லா நீங்க? ஏன் சொல்லல?”

வடிவம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“பயம். நீங்க போயிருவீயன்னு பயந்தேன்.”

அந்தப் பதிலைக் கோமதிநாயகம் எதிர்பார்க்கவில்லை. ஏதாவது தத்துவம் சொல்லியிருந்தால்கூடக் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பார். இது அவரை இன்னும் எரித்தது.

இருபது பேரையும் பார்த்துக் கத்தினார். “கேட்டியளா? தீயை வச்சவகிட்டயே தண்ணி சுமக்கோம்! ரோசம் இருந்தா எல்லாரும் கெளம்புங்க!”

ஆறு பேர் கையுறையைக் கழற்றினார்கள். மற்றவர்கள் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்கள்.

அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தும் நெஞ்சு ஆறவில்லை. சொல்லாமல் விட்ட வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. இதைச் சொல்லியிருக்க வேண்டும். இல்லை, இதை. கடைசியில் ஒன்று கிடைத்தது. கேட்டால் அந்த அம்மா ஆயுசுக்கும் தலைநிமிர முடியாது.

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

மறுபடி மலை ஏறினார். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மழை பிடித்திருந்தது. டவுன் ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வெட்பாலைக் கன்றுகள் பாதி நட்டும் பாதி நடாமலும் கிடந்தன.

வீட்டுக்குப் பின்னால் வடிவம்மா மட்டும் இருந்தார். பழைய வேலி வரிசையில் தொடை கனத்துக்கு உண்ணியின் அடிக்கட்டை ஒன்று. சுற்றிலும் தோண்டி, குழிக்குள் இறங்கி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கட்டை ஆடியது. வரவில்லை. கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி பிடித்தார்.

கோமதிநாயகம் குழியின் விளிம்பில் போய் நின்றார். வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னார்.

“நீங்க மண்ணை நேசிக்கல. செஞ்ச பாவத்தைக் கழுவ எங்களைக் கூலியில்லாத ஆளா வச்சிருந்தீய.”

வடிவம்மா இழுப்பதை நிறுத்தினார். மழை முகத்தில் வழிந்தது. துடைக்கவில்லை.

“பாதி உண்மை, அண்ணாச்சி. பாதியா, முக்காலான்னு எனக்கே தெரியல.”

இவ்வளவு தூரம் சுமந்துவந்த வார்த்தை இப்படி ஒரு நொடியில் தீர்ந்துபோகும் என்று கோமதிநாயகம் நினைக்கவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

“இப்ப என்னை என்ன செய்யச் சொல்லுதீய? மன்னிக்கணுமா? அது என்னால முடியாது. செத்தாலும் முடியாது!”

“மன்னிக்க வேண்டாம்” என்றார் வடிவம்மா. குழிக்குள் சற்று நகர்ந்து இடம் விட்டார். “அந்தப் பக்கம் பிடிங்க. இது ஒத்தை ஆளுக்கு வராது.”