தெருக்குத்துக்குப் பரிகாரம்

"அம்மா, தெருக்குத்துக்கு ஒரு பரிகாரம் சொல்லுங்க" என்று நாச்சிமுத்து வந்து நின்றபோது, மரகதம்மா தன் சின்ன மடத்தின் சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

குருவுக்கு நாற்பது வயது இருக்கும். சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊருக்குக் கிழக்கே காடாகக் கிடந்த இடத்தில் முதன்முதலில் மனை பிரித்து விற்றவர் நாச்சிமுத்து. தெரு நேராகப் போனால் கண்டவனும் வருவான் என்று, அதன் கடைசியில் குறுக்கே சுவர் எழுப்பி, சுவரை ஒட்டித் தெருவோரமாகத் தன் வீட்டையும் கட்டிக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் அவரைப் பார்த்தே கோடு போட்டார்கள். ஊர் மலையடிவாரம் வரை நீண்டுவிட்டது. தெருக்கள் மட்டும் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பிள்ளையார் வச்சனுங்க, கண்ணாடி மாட்டுனனுங்க. ஒண்ணும் ஆகல. வழி தெரியாம வர்ற வண்டியெல்லாம் சுவத்துல வந்து நின்னு திரும்புது. திரும்புறப்ப வெளிச்சம் ஜன்னல்ல பூந்து மூஞ்சியில அடிக்குதுங்க. ஊட்டுக்காரி பாவாத்தா தூங்கியே மாசக்கணக்காச்சு. இந்த ஊடு ஆகாது, வெள்ளிக்கிழமை எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன்னு பெட்டி கட்டிட்டா."

மனைவி இல்லாத வீட்டில் ஒரு வாய் காபிகூட அவருக்கு இறங்காது.

"சுவரோரமா நாற்காலி போட்டு உக்காருங்கண்ணா. வழி கேக்கறவங்களுக்கு வழி சொல்லுங்க. யாரும் கேக்காத அன்னைக்கு வாங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

பரிகாரம் இத்தனை சுலபமாகக் கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம்கூட வந்தது. ஆனாலும் மறுநாள் காலையிலேயே நாற்காலி போட்டார்.

முதலில் ஒரு பால்காரர் வந்தார். "குமரன் நகர் எப்படிங்க போறது?"

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கந்தானுங்க. ஆனா வந்த வழியே திரும்பி, மெயின் ரோட்டுல சுத்தித்தான் போகோணும்."

பிறகு சிலிண்டர் வண்டி. பிறகு, பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்குப் போசியில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஒரு அம்மாள். எல்லோருக்கும் அதே பதில்தான்.

அந்த அம்மாள் சுவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த மகராசன் கட்டுனானோ, நல்லா இருக்கட்டும்!"

அது வாழ்த்து இல்லை என்பது நாச்சிமுத்துவுக்கு நன்றாகவே புரிந்தது. நான்தான் கட்டினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கஞ்சி ஆறிவிடுமே என்று அவள் வேகுவேகென்று திரும்பி நடந்தாள். அதைப் பார்க்க முடியாமல் அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை அவரே வரச்சொன்ன ஜேசிபி வந்தது. சுவர் விழுந்து புழுதி அடங்கியதும், அந்தப் பக்கம் இத்தனை நாள் முட்டி நின்ற குமரன் நகர்த் தெரு தெரிந்தது.

சனிக்கிழமை அவர் மடத்துக்குப் போனார்.

"நேத்து முழுக்க யாரும் வழி கேக்கலீங்கம்மா. வண்டியெல்லாம் நிக்காமப் போயிட்டே இருக்குது."

"ஊட்டுல?"

"வெயில் ஏறியும் எந்திரிக்கலீங்க. அப்படி ஒரு தூக்கம். பெட்டியப் பிரிச்சுட்டாளுங்க." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

எழுந்தவர் தயங்கி நின்றார்.

"அம்மா, வேற ஊர்கள்லயும் நான் மனை பிரிச்சிருக்கறனுங்க. அங்கயும் தெருக்கடைசியில சுவருதான். அதுக்கு என்ன பண்றதுங்க?"

மரகதம்மா அடுத்த கீரைக்கட்டை அவிழ்த்தார்.

"அந்த நாற்காலி இருக்குதுங்களா?"