தும்மலும் ஒரு வாளி வெந்நீரும்

"கீப்பை ஏன் பர்வீனுக்குக் கொடுத்தீங்க?"

தணிகாசலம் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.

எஸ்தர் டீச்சர் பேனாவை மூடினார். "வேற யாருக்குக் கொடுக்கணும்?"

"எனக்கு."

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் இருந்தது அந்த வீடு. ஆங்கில வினைச்சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் அகராதி ஒன்று அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. டீச்சரிடம் கற்க வருகிறவருக்கு ஆளுக்கு ஒரு சொல்; 'கீப்' (keep) அதில் ஒன்று. அதை முடித்தால்தான் அடுத்தது.

ஒவ்வொரு பொருளையும் ஒரு சீட்டில் எழுதி, மாலையில் டீச்சர் முன்னால் வாசிக்க வேண்டும். "மனுஷன் பேசுற மாதிரி இல்லையே" என்று அவர் சொல்லிவிட்டால் சீட்டு கூடைக்குப் போகும். கூடை மறுநாள் காலை வெந்நீர் அடுப்புக்குப் போகும்.

அடுப்பும் சமையலும் லூர்துவின் பொறுப்பு. கூடையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தினமும் கத்துவார்.

"இன்னைக்கு வெந்நீர் யார் புண்ணியம்?"

பெரும்பாலும் தணிகாசலத்தின் புண்ணியம்தான்.

பர்வீனின் சீட்டு எரிவது அபூர்வம்.

"டீச்சர், உங்களைவிட நான் மூணு வயசு மூத்தவன். இந்த வீட்டுக்கு முதல்ல வந்தவன். கொட்டாவியைக் கொடுத்தீங்க, எழுதினேன். இப்ப தும்மல். அவ போன மழைக்கு வந்தவ. அவளுக்குக் கீப்பா?"

"தும்மல் சின்னச் சொல்லா?"

"தும்மல்ல என்ன டீச்சர் இருக்கு? தும்முறதுதான் இருக்கு."

"அதை அப்படியே எழுதியிருக்கலாமே. 'நாசியினின்று காற்றை வலிந்து வெளியேற்றுதல்'னு இல்ல எழுதினீங்க?"

அடுத்த அறையில் யாரோ சிரித்தார்கள். பர்வீன்தான் என்று தணிகாசலம் நினைத்தார்.

லூர்து.

"கீப் எனக்கு மனப்பாடம்," என்றார் தணிகாசலம். காது சிவந்திருந்தது.

"சொல்லுங்க."

"காசைக் கீப் பண்ணினா வச்சுக்கிறது. ஆட்டைன்னா வளர்க்கிறது. வாக்கைன்னா காப்பாத்துறது. ரகசியத்தைன்னா வெளியே விடாம இருக்கிறது. கீப் கொயட்னா சும்மா இருக்கிறது. கீப் வாக்கிங்னா நடந்துக்கிட்டே இருக்கிறது. கீப் அவேன்னா கிட்ட வராதேன்னு அர்த்தம். பால் கீப் ஆகலைன்னா கெட்டுப்போச்சு. ஒருத்தரைக் கீப் வெயிட்டிங்னா காக்க வைக்கிறது."

மூச்சு வாங்கியது.

"என்னை நீங்க வச்சிருக்கிற மாதிரி."

டீச்சர் சிரித்தார். "ஒண்ணு விட்டுட்டீங்க."

"நோன்பு. நோன்பு பிடிக்கிறது. அது அவ சீட்டு, அதான் சொல்லலை."

அந்தச் சீட்டைப் பர்வீன் வாசித்த மாலை டீச்சர் மெல்லத் தலையாட்டியது தணிகாசலத்துக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் மனசுக்குள் எழுதி வைத்திருந்தது 'அனுட்டித்தல்'. வாசித்திருந்தால் எரிந்திருக்கும். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததுதான் வலித்தது.

"அதைச் சொல்லலை. வேற ஒண்ணு," என்றார் டீச்சர். "கண்டுபிடிச்சு வாங்க. கீப் உங்களுக்கு."

"நிஜமாவா?"

"அவளோட சீட்டுப் பெட்டியையே எடுத்துத் தர்றேன்."

"அவ கண்டுபிடிச்சுட்டாளா?"

"அவளும் அதை இன்னும் எழுதலை."

தணிகாசலம் தன்னிடமிருந்த தடித்த அகராதிகளையெல்லாம் இறக்கினார். படுக்க நேரமானது. எழுந்திருக்கவும் நேரமானது. எப்போதுமே வீட்டில் கடைசியாகக் குளிக்கிறவர் அவர்தான். எழுந்து போகும்போது குளியலறை வாசலில் ஒரு வாளி வெந்நீர் இருக்கும், மேலே தட்டு மூடியிருக்கும்.

தன் சீட்டு எரிந்த வெந்நீர் தனக்கு இல்லாமல் போகுமா என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டில் பர்வீன் எதிரே உட்கார்ந்தாள்.

"எப்படிப் போகுது கீப்?" என்று கேட்டார்.

"சுத்தி அடிக்குதுண்ணே. ஆட்டுக்கும் வாக்குக்கும் ஒரே சொல்லான்னு இருக்கு."

"முடியலைன்னா சொல்லிடு. பெரியவங்க இருக்கோம்."

"சரிண்ணே." ரசத்தை ஊற்றிக்கொண்டாள். "தும்மல் எப்படிண்ணே இருக்கு?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். தணிகாசலம் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

அன்று மாலையும் டீச்சர் அவளுக்குத் தலையாட்டினார்.

விடியுமுன் பர்வீன் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறாள் என்று லூர்து சொல்லியிருந்தார். அங்கேதான் அவளுக்கு எல்லாம் கிடைக்கிறது, விட்டுப்போன பொருளும் அங்கேதான் கிடைக்கப் போகிறது என்று தணிகாசலம் முடிவு செய்தார்.

மறுநாள் இருட்டோடு எழுந்து, அடுப்படிக்கு வெளியே விறகு அடுக்கின் பின்னால் போய் நின்றுகொண்டார். பனியில் கால் மரத்தது.

பர்வீன் எழுதவில்லை. அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு ஒரு வாளியில் வெந்நீர் ஊற்றினாள். அண்டாவின் அடி தட்டியது. வாளியைத் தட்டால் மூடினாள். தட்டின்மேல் அரைச் செங்கல் ஒன்றை வைத்தாள். இன்னொரு வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள்.

முதல் சொம்புத் தண்ணீர் விழுந்தது.

"யா அல்லா!"

அடுப்பருகே இருந்த லூர்து சிரித்தார். "டீச்சர் குளிச்சது போக ஒரு வாளிதான் மிஞ்சுது. முந்தி எந்திரிச்சவ நீ. நீ ஊத்திக்கிட்டா என்னவாம்? தினமும் அவருக்கு எடுத்து வைக்கணுமா?"

"அண்ணன் ராத்திரியெல்லாம் படிக்கிறாரு. லேட்டாத்தான் எந்திரிப்பாரு." அடுத்த சொம்பு. "இந்தத் தண்ணிய ஊத்தினா தும்மியே செத்துருவாரு."

"தும்மட்டுமே. சீட்டாவது நல்லா வரும்."

"போங்கண்ணே!"

"அவர்கிட்ட என்னைக்காவது சொல்லியிருக்கியா?"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"எதை?"

தணிகாசலம் விறகின் பின்னாலேயே நின்றார்.

விட்டுப்போன பொருள் கிடைத்துவிட்டது: ஒருத்தருக்குன்னு எடுத்து வைக்கிறது. போய்ச் சொன்னால் கீப் அவருக்கு. அவள் பெட்டியும் அவருக்கு.

டீச்சர் அறையில் விளக்கு எரிந்தது. தணிகாசலம் அந்தப் பக்கம் போகவில்லை. அன்று மாலை வாசிப்பில் தன்னிடமிருந்த தும்மல் சீட்டுகளையெல்லாம் தானே கூடையில் போட்டார்.

மறுநாள் காலை தணிகாசலம் டீச்சர் அறை வாசலில் வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தாடை கிடுகிடுத்தது.

"என்ன இவ்வளவு சீக்கிரம்? கிடைச்சுதா?"

தணிகாசலம் தும்மினார்.

"கிடைச்சுதான்னு கேட்டேன்."

மறுபடி தும்மினார்.

"வெந்நீர் இல்லையா என்ன? கூடை நிறைய உங்க சீட்டுதானே எரிஞ்சுது?"

"இருக்கு டீச்சர்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மூடி வச்சிருக்கேன்."

டீச்சர் அவரையே பார்த்தார். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்தார். பர்வீனின் தகரப் பெட்டியை எடுத்து நீட்டினார்.

தணிகாசலம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கொல்லைப் பக்கம் தட்டு விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. பின்னாலேயே பர்வீனின் குரல்.

"லூர்தண்ணே! இதை யாரு மூடி வச்சது? செங்கல்லு வேற ரெண்டு இருக்கு!"