பருந்து சொன்ன அரை நாள்

ஒரு காட்டின் நடுவே ஏரி ஒன்று இருந்தது. அந்தக் கோடையில் அதை ஏரி என்று சொன்னால் தவளைகூடச் சிரித்திருக்கும், குழந்தைகளே. தண்ணீர் சுருங்கிச் சுருங்கிக் குட்டை அளவுக்கு வந்துவிட்டது. தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் எல்லாம் நரி ஓர் அடி முன்னால் வந்து உட்கார்ந்தது.

அங்கே ஒரு தாய் வாத்து நான்கு குஞ்சுகளோடு வாழ்ந்தது. மூன்று குஞ்சுகள் நன்றாகப் பறக்கும். கடைக்குட்டி கொஞ்சம் பறக்கும், நிறைய மூச்சு வாங்கும். இருந்தால் நரி தின்னும், பறந்தால் கடைக்குட்டி தாங்குமா என்று தாய் தவித்தது.

அப்போது பருந்து வந்து கிளையில் அமர்ந்தது.

"மலைக்கு அந்தப் பக்கம் வற்றாத ஏரி ஒன்று இருக்கிறது. நேற்றுதான் போய்வந்தேன்."

"எவ்வளவு நேரமாகும், பருந்தண்ணா?"

"அரை நாள்தான். காலையில் கிளம்பினால் உச்சிவேளைக்கு அங்கே நீந்தலாம்!"

கரையிலிருந்த நரி வேகமாகத் தலையாட்டியது. "அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நாளைக்கே கிளம்புங்கள். பாவம், குழந்தைகள் வாடிப்போய்விட்டார்கள்."

சொல்லிவிட்டு எழுந்து மலைப் பக்கமாக நடந்தது.

தாய் வாத்து அதையே பார்த்தது. இத்தனை நாளாக நம்மை விட்டுக் கண்ணை எடுக்காத நரி, நாளைக்கு நாம் பறக்கும் வழியில் இன்றைக்கே ஏன் போகிறது? வானத்தில் போகிறவர்களிடம் அதற்கு என்ன வேலை?

தாய்க்குச் சட்டென்று புரிந்தது. நடுவழியில் விழப்போகும் குஞ்சுக்காகத்தான் நரி போகிறது.

"பருந்தண்ணா, ஓர் உதவி. என் கடைக்குட்டியின் பின்னாலேயே ஏரியின் பழைய கரையை ஒரு சுற்று வாருங்கள். அவனை முந்தக் கூடாது. அவனுக்கு மேலேயும் போகக் கூடாது."

"இவ்வளவுதானா?" என்று பருந்து சிரித்தது.

பாதிச் சுற்றிலேயே அதன் சிரிப்பு நின்றுவிட்டது. அவ்வளவு தாழ்வில் தூக்கிவிடக் காற்று இல்லை. சிறகை அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சுற்று முடிவதற்குள் கடைக்குட்டி ஒரு பாறையில் இறங்கியது. பருந்தும் பக்கத்திலேயே தொப்பென்று விழுந்தது.

"அடேயப்பா! நான் மேலே போய்ச் சிறகை விரித்தால் போதும், காற்றே என்னைக் கொண்டுபோய் விடும். இவன் இப்படியா பறக்கிறான்?"

"ஆமாம் அண்ணா, இப்படித்தான். இப்போது சொல்லுங்கள், எவ்வளவு நேரமாகும்?"

பருந்து கடைக்குட்டியின் நடுங்கும் சிறகையே பார்த்தது.

"தூரம் அதேதான். அரை நாள் என்பது என் கணக்கு. இவனுக்கு மூன்று நாளாவது வேண்டும். வழியில் உயரமான பாறைகளின் நடுவே இரண்டு சுனைகள் உண்டு, நரியால் ஏற முடியாது. இறங்கும் தேவை எனக்கு வந்ததில்லை, அதனால் சொல்லத் தோன்றவில்லை. மன்னித்துவிடு, அம்மா."

மறுநாள் விடியலில் எல்லாரும் கிளம்பினார்கள். பருந்து கடைசியாக, கடைக்குட்டியை ஒட்டிப் பறந்தது. வெயில் ஏறுமுன் முதல் சுனையில் இறங்கி இளைப்பாறினார்கள்.

அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, மலையடிவாரப் பொட்டலில், நரி உச்சிவேளையில் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. எதுவும் விழவில்லை. கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் மாலை புதிய ஏரி தெரிந்தது. பருந்தும் தாயும் மற்றக் குஞ்சுகளும் மேலேயே வட்டமிட்டுக் காத்திருந்தார்கள். தண்ணீரில் முதலில் இறங்கியது கடைக்குட்டிதான்.

நீதி: கூடிப் போகும் பயணத்தின் நேரத்தைக் கடைசியில் வருபவரைக் கொண்டே கணக்கிட வேண்டும்.