ஓடத்தின் பின்னால் ஒரு கயிறு

"தாயே, நான் கிளம்புறேன்" என்றார் அய்யாவு.

இருளாயி அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"எங்கே?"

"விடுதலை எங்கே கிடைக்குதோ அங்கே. இங்கே அது இல்லை. நானும் இத்தனை மாசமா பார்த்துட்டேன்."

இப்படிப் படாரென்று போட்டு உடைக்கிற சீடர் அவர். ஐம்பதைத் தாண்டிய ஆள். குருவோ அவரைவிட இருபது வயது சின்னவள். அதனால் என்ன, ஞானம் பிறந்த தேதியைக் கேட்டுக்கொண்டா வருகிறது? ஆற்றங்கரைக் குடிசையில் இருந்துகொண்டு, தேடி வருகிறவர்களுக்கு ஒரு வாய் கூழும் ஒரு வேலையும் கொடுப்பாள். உபதேசம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அய்யாவுக்குக் கிடைத்த வேலை, ஓடம் ஓட்டுவது.

"வந்தப்ப என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா அண்ணே?"

"இல்லாம என்ன? அரிசி ஆலையில சங்கு ஊதினா எழுந்தேன், சங்கு ஊதினா சாப்பிட்டேன், சங்கு ஊதினா வீட்டுக்குப் போனேன். பாதி ஆயுசு அப்படியே போச்சு. எல்லாம் எங்கப்பா கொடுத்த புத்தி. அந்த மனுஷன் பஸ்ஸுல அத்தனை சீட்டும் காலியா கிடந்தாலும் உட்கார மாட்டார். கடைசிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நிப்பார். 'உட்காருப்பா, டிக்கெட் எடுத்திருக்கோம்ல'ன்னு அதட்டுவேன். ம்ஹூம். எனக்கு மானம் போகும். அந்த அடிமைப் புத்தி எனக்கு வேணாம்னுதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க என்னடான்னா துடுப்பைக் கையில கொடுத்துட்டீங்க. அங்கே சங்கு, இங்கே கூப்பாடு. எவனாவது 'ஓடக்காரரே'ன்னு கத்தினா நான் ஓடணும். இது எந்த ஊர் விடுதலை?"

"வேற குறை?"

"உங்க ஜனங்கதான் குறை! ஓடத்துல ஏறினதும் ஆளாளுக்கு ஒரு கையைத் தண்ணிக்குள்ள விட்டுக்கிறாங்க. கரை சேர்ற வரைக்கும் எடுக்கிறதில்லை. ஓடம் கனக்குது, என் தோள்பட்டை கழண்டு போகுது. கையை எடுங்கன்னா சிரிக்கிறாங்க. அந்த மீன்காரி காத்தாயி இருக்காளே, முழங்கை வரைக்கும் முக்கினாத்தான் அவளுக்குத் திருப்தி. அது போதாதுன்னு பின்னால ஒரு கயிறு. ஒண்ணுக்கும் உதவாம சும்மா இழுபட்டுக்கிட்டு வருது. அறுத்துப் போட்டுடவான்னு கேட்டா, நீங்க வருஷா வருஷம் புதுசு மாத்திக் கட்டுறீங்க."

குரு முறத்தைக் கீழே வைத்தாள்.

"உங்கப்பாவுக்கு எந்த ஊர்?"

"இந்த ஆத்தங்கரைப் பக்கம்தான்னு சொல்வாங்க. சின்ன வயசுலேயே டவுனுக்கு ஓடி வந்துட்டார். அதுக்கப்புறம் இந்தத் திசையில தலை வச்சுக்கூடப் படுத்ததில்லை."

"பஸ் அக்கரையில. ஓடத்துலதானே போகணும்?"

"வேற வழி?"

"இன்னிக்கு நான் ஓட்டுறேன். நீங்க துடுப்பைத் தொடவே வேணாம்."

அய்யாவுக்கு முகமெல்லாம் பல்.

"ஓடத்துல உட்காரவும் வேணாம். கயிறைப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணியில வாங்க."

"விளையாடுறீங்களா தாயே?"

"ஒரே ஒரு தடவை. அப்புறம் உங்க இஷ்டம். திரும்பிப் பார்க்காம போகலாம்."

போகிற நேரத்தில் குரு கேட்டு இல்லை என்பானேன். துணிப்பையை ஓடத்துக்குள் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

ஓடத்தில் காத்தாயி கடைசிப் பலகையில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஆட்டுக்குட்டியோடு ஒருவர், இன்னும் நாலைந்து பேர். எல்லார் கையும் வழக்கம்போலத் தண்ணீருக்குள்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. வெயிலுக்குத் தண்ணீர் இதம். துடுப்பு இல்லை, தோள்வலி இல்லை. அடடா, இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று சிரித்துக்கொண்டார்.

கால் தரை தட்டாமல் போனதும் சிரிப்பு நின்றது.

நடு ஆறு வேறு ஆறு. வேட்டி அவிழ்ந்து காலைச் சுற்றியது. ஈரக் கயிறு உள்ளங்கையை அறுத்தது. மூக்கில் தண்ணீர், வாயில் தண்ணீர். "தாயே!" என்று கத்தினார். சத்தம் வெளியே வரவில்லை.

கயிறு வழுக்கியது. ஒரு முழம். இன்னொரு முழம்.

செத்தேன் என்று நினைத்தார். உண்மையாகவே நினைத்தார்.

தலையைத் தூக்கிப் பார்த்தார். இத்தனை மாதமும் ஓடத்துக்குள்ளிருந்து பார்த்தவருக்கு முழங்கைகள்தான் தெரிந்தன. இப்போது கீழேயிருந்து பார்த்தார். ஓடத்தின் இரண்டு பக்கமும் உள்ளங்கைகள். எல்லாம் பின்பக்கமாக, அவரைப் பார்த்து விரிந்திருந்தன.

ஆட்டுக்காரர் கயிற்றை வெடுக்கென்று இழுத்தார். காத்தாயியின் கை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தது.

உள்ளே இழுத்துப் போட்டார்கள். குடித்த தண்ணீரையெல்லாம் கக்கி முடித்து, அய்யாவு காத்தாயியைப் பார்த்தார்.

"எதுக்கும்மா இந்தக் கயிறு?"

"உங்களுக்குத் தெரியாதா? அப்பல்லாம் ஓடத்துல மாடு ஏறலாம், நெல்லு மூட்டை ஏறலாம். எங்க ஆளுங்க மட்டும் ஏறக் கூடாது. தீட்டாம். நடவுக்குப் போகணும்னா கயிறைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகணும். போனவங்க எல்லாரும் திரும்பி வந்ததில்லை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒரு வருஷம் ஒருத்தரும் வயல்ல இறங்க மாட்டோம்னுட்டாங்க. பண்ணைக்காரங்க குடிசையைக் கொளுத்தினாங்க. ஆம்பளைங்களைக் கட்டி வச்சு அடிச்சாங்க. பச்சைப் புள்ளைங்க பட்டினி கிடந்துச்சு. அப்பவும் இறங்கலை. கடைசியில, சரி ஏறித் தொலைங்கன்னு விட்டாங்க. முதல்ல ஏறினது எங்கம்மா. ஓடத்துல ஏழெட்டுப் பேருக்குத்தானே இடம்? அவசரத்துக்கு மிச்சப் பேர் அன்னிக்கும் கயிறுலதான் வந்தாங்க. எங்கம்மா உட்கார்ந்ததும் கையைத் தண்ணிக்குள்ள விட்டுச்சு. அன்னியிலேருந்து இப்படித்தான்."

அய்யாவு தன் உள்ளங்கையைப் பார்த்தார். கயிறு பதிந்த இடம் சிவந்து கிடந்தது.

காலியான பஸ். கடைசிக் கம்பி. விட்டால் போய்விடும் என்பதுபோல அதைப் பிடித்திருந்த அப்பாவின் இரண்டு கைகள்.

"ஐயோ, உட்காருப்பான்னு அதட்டினேனே" என்றார். வெட்கத்தை விட்டு அழுதார். "நான் உட்கார்ந்து வந்தேனே தாயே. ஒரு நாள்கூட நினைச்சுப் பார்க்காம, சொகுசா உட்கார்ந்து வந்தேனே."

குரு துடுப்பை வலித்தாள்.

அய்யாவு காத்தாயியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"விடுங்க அண்ணே, மீன் வாடை அடிக்கும்."

"அடிக்கட்டும்." விடவில்லை. நன்றி என்று சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல் பத்தவில்லை. பிறகு சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார். "இப்பத்தான் கயிறைப் பிடிச்சுக்கிட்டு யாரும் வர்றதில்லையேம்மா. இன்னும் எதுக்குக் கையை விடுறீங்க?"

"இன்னிக்கு நீங்க வந்தீங்களே" என்றாள் காத்தாயி.

அக்கரையில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். குரு அவருடைய பையை எடுத்து நீட்டினாள்.

"பஸ் வர்ற நேரம் அண்ணே."

பையை வாங்கிக்கொண்டார். மேட்டில் ஹாரன் சத்தம் கேட்டது.

எதிர்க்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஓடக்காரரேய்!"

அய்யாவு பையைத் திரும்ப ஓடத்துக்குள் போட்டார். குருவின் கையிலிருந்து துடுப்பை வாங்கினார்.

"இருங்க, வந்துட்டேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

குரு கடைசிப் பலகையில் போய் உட்கார்ந்தாள். ஓடம் நகர்ந்தது. வேறு ஆள் இல்லை. கயிறு தண்ணீரில் மிதந்துகொண்டு பின்னால் வந்தது.

அய்யாவு திரும்பி அவளைப் பார்த்தார்.

"கையைத் தண்ணியில விடுங்க தாயே."